வெட்டு ராசா வீடு

எங்கள் ஊர்ச் சங்கம் இந்த வருடம் ஒரு சிறப்பு மலர் போடுகிறதாம். அதில் என் பூட்டனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். பூட்டன் என்றால் என் தகப்பனாரின் பாட்டன். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணக் கரையில் கூத்தாடியவர். "உங்களை விட்டா ஆருக்கண்ணை அவரைப் பற்றித் தெரியும்?" என்றார் செயலாளர். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே போய்ச் சேர்ந்தவர். படம் இல்லை. அவருடைய குரலைக் கேட்டவர்களும் இன்று இல்லை. இருப்பதெல்லாம் எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதையும் அவரால் எங்களுக்குக் கிடைத்த பெயரும்தான். அந்தப் பெயரைச் சுமந்து எனக்கு அலுத்துப்போயிற்று. மலருக்கென்று எழுத உட்கார்ந்தவன்தான், வேறெங்கோ போய்விட்டேன்.

நான் டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில் இருக்கிறேன்; ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். முன்பு உடுப்புத் தொழிற்சாலையில் இருந்தேன். அதைப் போலந்துக்குக் கொண்டுபோனார்கள், என்னை இங்கேயே விட்டுவிட்டார்கள். விடியற்காலை வேலைக்கு ஏறினால் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். ஈரத் துணியை இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. ஆகவே பின்னேரங்களில் வீட்டில் நான் தனி. குசினி மேசையில் தாளை வைத்துக்கொண்டு பூட்டனைப் பற்றி ஒரு வரி எழுதுவேன், தேத்தண்ணீர் குடிப்பேன், கதிரையிலேயே கண்ணயர்ந்துவிடுவேன்.

பூட்டன் கரைவலைக்காரர். கரையில் நின்று குரல் கொடுத்தால், எதிர்காற்றிலும் வள்ளத்தில் இருப்பவர்களுக்குக் கேட்குமாம். அந்தக் குரலுக்காகத்தான் அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்குகிறவர், அவரைப் பிடித்தார். முதலில் கிடைத்தது சேவகன் வேடம். இரண்டு வரி பாடிவிட்டு ஈட்டியோடு விடிய விடிய நிற்க வேண்டும். பிறகு மந்திரி. ராசா உடுப்பு அவருக்குக் கிடைத்தபோது கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றுவிட்டார். அதுவும் நல்ல ராசா இல்லை. கிறிஸ்து பிறந்த கதையில் வருகிற ராசா. பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை எல்லாம் வெட்டச் சொன்னவன். வேதாகமத்தில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் வெட்டு ராசா என்றால்தான் விளங்கும்.

அந்தக் காலத்து ராசா உடுப்பு பாதிக்கு மேல் மரம். முடி மரம், தோளில் கட்டுவது மரம், இடுப்பைச் சுற்றிக் கம்பு வளையம். கட்டி முடித்த பிறகு ஆளால் குந்த முடியாது. திரைக்குப் பின்னால் உரலைக் கவிழ்த்துவைத்து, இரண்டு பேர் கைகொடுத்து இருத்துவார்களாம். அவருடைய முறை வந்ததும் அதே இரண்டு பேர் தூக்கி நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு பந்த வெளிச்சத்தில் அந்தப் பாரத்தோடு ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும்.

மற்ற ஊர்களில் வெட்டு ராசாவாக வந்தவர்கள் கட்டளை கொடுக்கும் இடத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள், வாளைச் சுழற்றுவார்கள். பூட்டன் கத்தவில்லை. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு, மத்தளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கிற தகப்பனைப் போல மெல்லப் பாடுவாராம். கடைசி வரிசையில் பாய் விரித்து இருந்தவர்களுக்கும் ஒரு சொல் தவறாமல் கேட்குமாம். அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கைக்குழந்தைக்காரிகள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எழுந்து போவதை வைத்துத்தான் அந்த வருடம் ஆட்டம் எப்படி என்று ஊர் கணக்குப் பார்த்தது.

பெயர் பரவியது. தீவுகளில் இருந்தும் மன்னார்க் கரையில் இருந்தும் வள்ளம் அனுப்பி அழைத்தார்கள். கூலி என்று ஒன்றும் இல்லை. ஒரு சால்வையும் நல்ல சாப்பாடும். ஆடி முடிந்து விடிந்ததும் கண்ணில் பூசிய மை கலையாமலே வலை இழுக்கப் போவாராம். என் தகப்பனார் இதைப் பெருமையாகத்தான் சொல்வார். எனக்குக் கேட்கும்போதே உடம்பு நோகும்.

ஒரு வருடம் கூத்து முடிந்து சில கிழமைகளில் ஊருக்கு வாந்திபேதி வந்தது. குழந்தைகள்தான் கூடுதலாகச் செத்தார்கள். பூட்டனின் கடைசிப் பையனும் போனான். ஊர் சும்மா இருக்குமா? கரிநாக்குக்காரன், பாடிப் பாடிக் கூப்பிட்டுவிட்டான் என்றார்கள். அவருடைய பிள்ளையும்தானே போனது என்று யாரோ நியாயம் கேட்டதற்கு, "தன்ர பிள்ளையையே விடேல்லை, பாத்தியளே" என்று பதில் வந்ததாம். அந்த மனிதர் அதோடு கூத்தை விட்டுவிட்டார். வேறு யாரும் அந்த வேடத்தைத் தொடவில்லை. சில வருடங்கள் அந்தக் கூத்தே இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு வருடம் அவர் தாமாகவே அண்ணாவியார் வீட்டுக்குப் போய், தான் ஆடுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு குரல் இருக்கும் வரைக்கும் ஆடினார்.

ஏன் திரும்பிப் போனார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கோயில் சுவாமியார் சொல்லிப் போனார் என்பார் என் தகப்பனார். கூத்துக் கிறுக்கு யாரை விட்டது என்பார் சித்தப்பா. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. பிள்ளையைப் புதைத்த ஒருவர் அதே வரிகளைப் பாட மறுபடியும் ஏன் போகவேண்டும்? மலருக்கு எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் நின்றுபோனது.

எங்கள் ஊரில் கூத்தில் எடுத்த வேடம் ஆளோடு போகாது, வீட்டில் ஒட்டிக்கொள்ளும். மந்திரியாக ஆடியவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் மந்திரி வீட்டார். நாங்கள் வெட்டு ராசா வீட்டார். பள்ளிக்கூடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். டென்மார்க்குக்கு வந்து இறங்கியபோது என் கையில் ஒரு பை மட்டும்தான் இருந்தது. அந்தப் பெயர் எந்த விமானத்தில் வந்ததோ தெரியாது, எனக்கு முன்னமே ஹேர்னிங்குக்கு வந்துவிட்டது.

இங்கே மார்கழியில் எங்கள் கத்தோலிக்கச் சனம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து ஒளிவிழா வைக்கும். ஹொல்ஸ்டெப்ரோ, ஸ்கீவ என்று சுற்றியுள்ள ஊர்களில் இருந்தெல்லாம் வருவார்கள். முதல் வருடம் பாலன் இயேசு பிறப்பு நாடகத்துக்கு ஆள் பிரித்தபோது, "ராசா ஆர் எண்டு மண்டையை உடைக்கத் தேவையில்லை, வீட்டாரே இருக்கினம்" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பிடித்தது, விடவில்லை. முடி, இங்கத்தைய பிள்ளைகள் மாசியில் வேடம் போடும் பண்டிகைக்கு விற்கிற பிளாஸ்ரிக் முடி. அங்கி, உடுப்புத் தொழிற்சாலையில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட். விடிய விடிய ஆடிய கூத்து ஐந்து நிமிடப் பாட்டாகிவிட்டது. பூட்டனின் குரல் எனக்கு வரவில்லை, மைக் வந்தது. சேவகர்களாக வரும் பையன்கள் தங்கள் தமிழ் வசனத்தை டேனிஷ் எழுத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்திருப்பார்கள். சனத்தில் கடைசியாகப் பிறந்த குழந்தைதான் பாலன். அது அழுதால் மண்டபம் முழுக்கச் சந்தோசம்.

மகள் ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறாள், நகரசபையில் வேலை. முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோது முன்வரிசையில் இருந்து என் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். தை மாதம், பிள்ளை அசையவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறந்தபோது உயிர் இல்லை. ஆண் பிள்ளை. இந்த நாட்டில் அப்படிப் பிறந்த பிள்ளையையும் உடுப்புப் போட்டுத் தாயின் கையில் கொடுத்து, வேண்டிய நேரம் வைத்திருக்க விடுகிறார்கள். என் கையிலும் தந்தாள். சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் எங்கள் தொழிற்சாலை அடையாளம் இருந்தது. அதற்குப் பிறகு பல கிழமைகள் வேலையில் எனக்கு அந்த அளவுத் துணியை மடிக்க முடியவில்லை. கூட வேலை செய்யும் டேனிஷ்காரி ஒன்றும் கேட்காமல் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து சனம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவர், மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சொல்லுறன் எண்டு குறை நினையாதை. அந்த வேசத்தை இனி இந்த வீட்டிலை ஆரும் போடவேண்டாம். ஒருக்கா பட்டது காணும்." நான் வாசலில், யாருடையதோ மழைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகள் பக்கத்து அறையில் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நித்திரை என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அக்காவை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். மழைக்கோட்டைக் கொழுவியில் மாட்டினேன்.

ஒளிவிழாவையும் சங்கச் செயலாளர்தான் நடத்துகிறார்; அந்த வருடம் மார்கழியிலும் ராசாவாக வரும்படி தொலைபேசியில் கேட்டார். ஓம் என்றேன். மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. துணிந்து சொன்ன ஓம் இல்லை அது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. என்ன பாடினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. மண்டபம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருடம் மகளுக்கு மறுபடியும் பிள்ளை. மாசியில் பிறக்கும். கார்த்திகையில் செயலாளர் வழமைபோலத் தொலைபேசி எடுத்தார்.

"ஏலாது தம்பி. தோள் நோகுது" என்றேன்.

"ராசாவுக்குத் தோள் என்னத்துக்கண்ணை? வாய்தானே வேணும்."

"வாயும் ஏலாது."

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருவருக்கு அன்றைக்குச் சமையல் பொறுப்பாம். ஒருவர் சேவகனாக வேண்டுமென்றால் நிற்கிறேன், ராசா வேண்டாம் என்றாராம். ஸ்கீவவில் தனியாக இருக்கிற, பிள்ளைகுட்டி இல்லாத ஒருவரைக் கேட்டதற்கு, தங்கச்சியின் மகள் பிள்ளைத்தாச்சி, பிறகு தங்கச்சி முகத்தில் முழிக்க முடியாது என்றாராம். இவ்வளவு பேரும் கார் ஓடுகிறார்கள், வீட்டுக் கடன் கட்டுகிறார்கள், கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்கிறார்கள். ஒரு பிளாஸ்ரிக் முடிக்குப் பயப்படுகிறார்கள். சிரிக்கலாம் என்றால், முதலில் பயந்தவனே நான்தான்.

செயலாளர் வீட்டுக்கே வந்து குந்தினார். "ராசா இல்லாட்டி நாடகம் நிக்காதண்ணை. மாதாவும் சூசையப்பரும் ஏன் எகிப்துக்கு ஓடினவை எண்டு பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கும்?"

"விடுமுறைக்குப் போனவை எண்டு சொல்லு. இங்கத்தையப் பிள்ளையளுக்கு விளங்கும்."

அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மகளுக்காக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, அவளுடைய தாயிடம் மட்டும் சொன்னேன்.

போன கிழமை மருமகன் கொப்பன்ஹேகனில் நின்றபடியால், ஸ்கான் பார்க்க மகளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மழை. முன்னால் போன லொறி கண்ணாடி முழுக்கச் சேற்றுத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. மகள் என்னோடு டேனிஷில்தான் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எங்களுக்கு அது பழகிவிட்டது. அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இந்த முறை ராசாவாக வரமாட்டீர்களாம். அம்மா சொன்னா."

"தோள் நோகுது பிள்ளை."

"எனக்காகவா?"

நான் லொறியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "உனக்கு நல்லதெண்டுதான்."

பிறகு, "அன்றைக்குப் பெரியம்மா குசினியில் சொன்னது எனக்குக் கேட்டது" என்றாள். "நான் நித்திரை இல்லை."

காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"அந்த மார்கழியில் மண்டபத்தில் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நீங்கள் முடியை வைத்துக்கொண்டு வந்து பாடினீர்கள். அப்பா நம்பவில்லை என்று நினைத்தேன். யார் என்ன கதைத்தாலும், என் பிள்ளை எங்கள் வீட்டாலே போனது என்று அப்பா நம்பவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொரு பிள்ளைக்கே துணிந்தேன். இப்போது நீங்களும் நம்புகிறீர்கள்."

"நம்பேல்லை பிள்ளை. பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான். ஒவ்வொரு நாளும் பயம். ஆனால் நீங்கள் பயந்தால், பிள்ளை போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது போல இருக்கு, அப்பா." கடைசிச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அழுதாளா தெரியாது. நான் பார்க்கவில்லை, வீதியில் கவனம் வேண்டும் என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் உள்ளே போனதும் காத்திருக்கும் இடத்தில் இருந்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த அக்கா தாழ்ந்த குரலில் சொன்னதை நான் ஊருக்கே கேட்கச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பூட்டனையும் நினைத்தேன். அவர் மனைவியும் பிள்ளையைப் புதைத்தவள்தானே. புருசன் வேடத்தைத் தொடாமல் இருந்த ஒவ்வொரு வருடமும், தன்ர பாட்டாலேதான் பிள்ளை போனது என்று வீட்டுக்குள்ளேயே ஒருவன் ஒத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் ஏதாவது கேட்டிருப்பாள், அதற்காகத்தான் அவர் திரும்பிப் போயிருப்பார். கதையில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆகவே இது என் ஊகம்தான். ஆனாலும் சுவாமியாரையும் கிறுக்கையும்விட எனக்கு இது நம்பக்கூடியதாக இருக்கிறது.

மகள் வெளியே வந்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம். கார் நிறுத்துமிடத்தில், அவள் பக்கத்தில் இருக்கும்போதே செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் ஆடுகிறேன் என்றேன்.

"தோள் எப்பிடியண்ணை?"

"நோகுதுதான். நோகட்டும்."

மகள் சீற் பெல்ற்றை வயிற்றுக்குக் கீழே இழுத்துச் சரிபண்ணினாள். வீட்டுக்குப் போகும் வழியில் என்ன சமைக்கலாம் என்று கதைத்தோம்.

மலருக்கு வேறாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன்; பூட்டனின் குரல், மர முடி, வள்ளம் அனுப்பிய ஊர்கள் எல்லாம் அதில் இருக்கிறது. இதை அவர்களுக்குக் கொடுக்கப்போவதில்லை. மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆகவே இங்கே எழுதலாம்: அன்றைக்கு நான் பாடியது துணிவால் இல்லை, களைப்பால். அவள் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது அதைத்தான். இனிமேல் அதை அவளிடம் சொல்ல முடியாது. இந்த மார்கழியில் ஏழு மாத வயிற்றோடு முன்வரிசையில் வந்து இருப்பாள். எனக்குப் பயம் போகவில்லை, மாசி வரைக்கும் போகாது. இத்தனை வருடமும் முடியை வைத்துக்கொண்டு வந்து நின்றேன், அவ்வளவுதான். இந்த முறை அவள் முன்னால் நடிக்க வேண்டும்.